இரண்டு கண்ணி: ஏற்றத்துக்காக கியர் மாற்றிய நான்கு மாதக் கதை

போன ஞாயிறு இரவு 300 கிலோமீட்டர் பிரவேயை 18 மணி 25 நிமிடத்தில் முடித்தேன். மறுநாள் காலை படிக்கட்டில் இறங்கும்போது இடது முட்டி வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய செய்தி. நான்கு மாதமாக அந்த முட்டிக்காகத்தான் சைக்கிளின் பின்பக்கத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பிரவே கையை விட்டுப் போனது, ஒரு டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) உடைந்தது, ஃப்ரேமின் ஒரு மூலை வளைந்து நிமிர்ந்தது. எல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

பிரவே என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நெடுந்தூர சைக்கிள் பயணம், பந்தயம் இல்லை, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி, 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. எந்த நாட்டில் ஓட்டினாலும் இதே கணக்குதான். மலைக்குச் சலுகை கிடையாது.

நான் இருப்பது மலைப்பகுதி. வேலைக்குப் போகும் முன் வாரத்தில் நான்கு நாள் ஒரே ஏற்றம்: 11 கிலோமீட்டர், 780 மீட்டர் உயரம், சராசரி 7 சதவீதம். ஆனால் சராசரி ஏமாற்றும். முதல் ஏழு கிலோமீட்டர் பேசிக்கொண்டே போகலாம். அதற்கு மேல் ஆறு கொண்டை ஊசி வளைவுகள், 11, 12 சதவீதம். அங்கே பெடலை மிதிப்பது நின்று, பெடல் மேல் ஏறி நிற்பது ஆரம்பமாகும்.

சைக்கிள் இரும்பு ஃப்ரேம், ஷிமானோ 105, பின்னால் 11 கியர். முன்னால் 50-34, அதாவது 50 பல்லும் 34 பல்லும் உள்ள இரண்டு சக்கரம். பின்னால் 11-28, அதாவது 11 பல்லிலிருந்து 28 பல் வரை சக்கரங்களை அடுக்கிய கேசட். டயர் 28 மில்லிமீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று வால்வைத் தரையில் வைத்து, காற்றோடும் ஆளோடும் உருட்டி, சாக்பீஸ் கோடு போட்டு அளந்தேன்: 2.13 மீட்டர். மிக லேசான கியரான 34-28இல் (முன்னால் 34, பின்னால் 28) பெடலை ஒரு சுற்று சுற்றினால் 2.6 மீட்டர் முன்னே போகும். அந்த ஆறு வளைவுகளிலும் என் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். அப்படியென்றால் நிமிடத்துக்கு 45 சுற்று. நானே இடது முட்டி மேலே வருவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிப் பார்த்தேன். 44. ஒரு நாள் 40. அது சைக்கிள் ஓட்டுவது இல்லை, மாவாட்டுவது.

வலி முட்டிச்சில்லுக்கு மேலே, முன்பக்கம். முதலில் சீட்டைக் குற்றம் சொன்னேன். 4 மில்லிமீட்டர் உயர்த்தினேன். சமதளத்தில் கொஞ்சம் தேவலை, ஏற்றத்தில் அதே வலி. பிறகு ஷூவைப் பெடலோடு மாட்டும் கிளீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. கியர்தான் பெரிது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. 34-28இல் ஏறுகிறேன் என்று சொல்வதில் ஒரு வெட்டிப் பெருமை இருந்தது.

சரி, கேசட்டை மாற்றலாம். 11-34 வாங்கினேன். 34-34 என்றால் ஒரு சுற்றுக்கு 2.13 மீட்டர். அதே 7 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 55 சுற்று வரும்.

பழைய கேசட்டைக் கழற்ற இரண்டு கருவி வேண்டும். ஒன்று, கேசட்டைப் பூட்டி வைக்கும் வளையமான லாக்ரிங்கைக் கழற்றும் பல் சாக்கெட். அதை வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, கேசட் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் செயின் விப். அதை நானே செய்தேன். 40 சென்டிமீட்டர் நீள இரும்புப் பட்டை, ஒரு முனையில் இரண்டு ஓட்டை. தேய்ந்துபோய்த் தூக்கிப்போட்ட செயினில் ஒரு நீளத் துண்டை ஒரு ஓட்டையிலும், மூன்றே கண்ணி உள்ள குட்டித் துண்டை இன்னொன்றிலும் போல்ட் போட்டு இறுக்கினேன். பார்க்க நன்றாக இல்லை. வேலை செய்தது. லாக்ரிங் கழலும்போது 'கடகட'வென்று ஒரு சத்தம் வரும், முதல் முறை கேட்பவர்கள் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயப்படுவார்கள். உடையவில்லை, லாக்ரிங்கின் அடியில் இருக்கும் பல்வரிசை விடுபடும் சத்தம் அது.

புதியதை மாட்டி லாக்ரிங்கை இறுக்கினேன். எவ்வளவு இறுக்கியும் கேசட் ஆடியது. கையால் பிடித்து அசைத்தால் 'லொட லொட'. கேசட் உட்காரும் உருளையான ஃப்ரீஹப் போய்விட்டது என்று முடிவு கட்டி, பேரிங்கைத் திறக்கும் அளவுக்குப் போய்விட்டேன். வெர்னியரில் ஆட்டத்தை அளந்தபோதுதான் சந்தேகம் வந்தது. பேரிங் தேய்ந்தால் ஆட்டம் கோணலாக இருக்கும். இது நேராக, உள்ளும் வெளியுமாக ஆடுகிறது, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். குப்பைக்கூடையில் போட்ட அட்டைப்பெட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய வளையம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. 1.85 மில்லிமீட்டர் தடிமன். இந்த 11-34 கேசட் பழைய 10 கியர் ஹப் அகலத்துக்கும் பொருந்தும்படி செய்தது. என்னுடையது போன்ற 11 கியர் ரோடு ஹப்பில் மாட்டினால் உட்பக்கம் இந்த வளையத்தை முதலில் போட வேண்டும். போட்டேன். ஆட்டம் நின்றது. ஒன்றரை மணி நேரம் போயிற்று.

லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். டார்க் ஸ்பேனர் என்னிடம் இல்லை. பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு இருந்தது. ஸ்பேனர் கைப்பிடியில், நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, கொக்கியை மாட்டிச் செங்குத்தாக இழுத்தேன். தராசு 16 கிலோ காட்டும்போது கணக்கு 40க்கு அருகில் வந்துவிடும். இந்த உத்தியை இப்போது பெடல் கையைப் பிடிக்கும் கிராங்க் போல்ட் வரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன்.

இனிமேல்தான் தப்பு.

என் டெரெய்லர் குட்டைக் கூண்டு வகை, அதாவது செயின் வளைந்து வரும் இரண்டு கப்பியைத் தாங்கும் கூண்டு குட்டை. அதன் கணக்குப்படி பின்னால் 28 பல்லுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஊரெல்லாம் அதை மீறித்தான் ஓட்டுகிறார்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். 34 பல் சக்கரத்துக்கு ஏற்றியதும் மேல் கப்பி கேசட்டில் உரசிக் 'கிர்ர்' என்றது. ஃப்ரேமை முட்டி நின்று டெரெய்லரைத் தள்ளிவைக்கும் பி ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகினேன். போதவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி மறுபக்கத்திலிருந்து போட்டேன், தலைப்பகுதி ஃப்ரேமில் முட்டும்படி. இப்போது கப்பிக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர். சத்தம் நின்றது. வேலை முடிந்தது என்று கை கழுவிவிட்டேன்.

செயினைத் தொடவே இல்லை. அது 11-28க்காக அளந்து வெட்டிய 110 கண்ணி செயின். ஸ்டாண்டில் முன்னால் 50, பின்னால் 34 போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். போட்டுப் பார்க்கவில்லை. "முன்னால் பெரியது, பின்னால் பெரியது, யார் அப்படி ஓட்டுவார்கள்? நான் ஓட்டமாட்டேன்" என்று நினைத்தேன். இரண்டு வாரம் காலை ஏற்றங்களில் ஓட்டவும் இல்லை. முட்டி வலி பாதியாகக் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

200 கிலோமீட்டர் பிரவே நாள். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், வருடக்கணக்காக ஓட்டுபவர், என் கேசட்டைக் குனிந்து பார்த்தார்.

"பெரிசு போட்டிருக்கியே. செயின் பத்துமா தம்பி?"

"பத்தும் அண்ணே. பெரிசுக்குப் பெரிசு நான் போட மாட்டேன்."

அவர் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

153ஆவது கிலோமீட்டர். புறப்பட்டு ஒன்பது மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நீண்ட இறக்கம் ஒன்று முடிந்து, மேகம் சாலை வரைக்கும் இறங்கி, கையுறை நனைந்து, விரல்கள் மரத்துப்போயிருந்தன. இறக்கத்தில் வந்ததால் முன்னால் 50இல் இருந்தேன். வளைவு திரும்பியதும் சாலை சுவர் மாதிரி எழுந்தது. வலதுகை தானாகவே லீவரைத் தள்ளியது. டக், டக், டக். லேசாகட்டும், இன்னும் லேசாகட்டும். முன்னால் எதில் இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. கடைசி 'டக்'குக்குப் பிறகு பெடல் கால் சுற்று போய் நின்றது. நின்றால் விட வேண்டும் அல்லவா? நான் நின்று மிதித்தேன். 'கர்ரக்' என்றது. செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு, டெரெய்லர் முன்பக்கமாகப் படுத்துவிட்டது. அது தொங்கும் ஹேங்கர் ஸ்போக்ஸ் பக்கம் திரும்பி, கூண்டு முறுக்கிக்கொண்டது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பல் 28லிருந்து 34 ஆனால் ஆறு பல் கூடுகிறது. செயின் சக்கரத்தில் பாதி சுற்றுதான் படிகிறது என்பதால் மூன்று கண்ணி கூடுதலாக வேண்டும். டெரெய்லரே இல்லாமல் 50ஐயும் 34ஐயும் நேராகச் சுற்றினால்கூட 110 கண்ணி மட்டுமட்டு. நடுவில் இரண்டு கப்பியை வளைந்து வர இடமே இல்லை. களைத்த கை எதையும் நினைவு வைத்துக்கொள்ளாது என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

47 கிலோமீட்டர் மிச்சம். ஓரமாகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். செயினைத் திறந்து மூடும் கண்ணியான குவிக் லிங்கைத் திறந்து, டெரெய்லரைச் செயினிலிருந்து விடுவித்து, கேபிளோடு ஃப்ரேமில் கட்டிவைத்தேன். கையடக்கக் கருவியில் இருந்த செயின் கட்டரால் செயினைச் சுருக்கி ஒற்றைக் கியர் ஆக்கினேன். முதலில் 34-23இல் மாட்டினேன். தொய்வாக இருந்த செயின் நூறு மீட்டரில் தானாகவே பக்கத்துப் பெரிய பல்லுக்கு ஏறி, இறுகிக்கொண்டது. திரும்பக் கழற்றி 34-21க்கு வந்தேன். அது முன்பல்லுக்கு நேர்க்கோட்டில் இருந்தது, தொய்வும் சரியாக அமைந்தது. நின்றது. குளிரில் விரல் மடங்காமல், செயின் பின்னைத் தள்ளும்போது இரண்டு முறை கருவி வழுக்கி, மொத்தம் நாற்பது நிமிடம்.

34-21 என்றால் ஒரு சுற்றுக்கு 3.45 மீட்டர். மேட்டில் தள்ளினேன், சமதளத்தில் ஓட்டினேன், இறக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தள்ளும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. டூர் டி பிரான்ஸ் தொடங்கியது 1903இல். டெரெய்லருக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1937இல்தான். அதுவரைக்கும் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்லில் ஏறினார்கள். 1910இல் 2,115 மீட்டர் உயர தூர்மலே கணவாயை அப்படித்தான் கடந்தார்கள், மண் சாலையில். எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்காவது திருப்பிப் போட இன்னொரு பல் இருந்தது.

முடித்தபோது 13 மணி 52 நிமிடம். 22 நிமிடம் தாமதம். அந்தப் பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சூடா ஏதாவது குடி" என்றார்.

அடுத்து ஹேங்கர். இரும்பு ஃப்ரேமில் ஹேங்கர் ஃப்ரேமோடு ஒட்டியே இருக்கும், தனியாக மாற்ற முடியாது. ஆனால் இரும்பு வளைந்தால் திரும்ப வளைக்கலாம். அலுமினியம், கார்பன் ஃப்ரேம்காரர்களுக்கு ஹேங்கர் தனித்துண்டு. அவர்கள் ஒரு மாற்று ஹேங்கரைப் பையில் போட்டுவைப்பது நல்லது.

முதலில் அவசரப்பட்டேன். 5 மில்லிமீட்டர் அல்லன் கீயால் டெரெய்லரைக் கழற்றி, பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் ஹேங்கரைக் கவ்வி, பின்னால் நின்று ஒற்றைக்கண்ணால் பார்த்து நிமிர்த்தினேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. கண் பொய் சொல்லும். அளக்க ஒரு வழி வேண்டும்.

ஹேங்கரை நேராக்கும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை எடுக்கப்போகும் பொருளை வாங்க மனம் வரவில்லை. பரணில் ஒரு பழைய பின்சக்கரம் கிடந்தது. குவிக் ரிலீஸ் பின்சக்கரத்தின் அச்சு 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை. ஹேங்கர் ஓட்டையிலும் அதே மரைதான். அச்சு ஹப்புக்கு வெளியே 5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீளம் போதும். கேசட் இல்லாத பக்கத்தை ஹேங்கரில் வைத்து, அச்சின் மறுமுனை நட்டில் 17 ஸ்பேனர் போட்டு மெல்ல உள்ளே ஏற்றினேன். மரை கோணலாகக் கடித்தால் கதை முடிந்தது, அதனால் முதல் இரண்டு சுற்றும் ஸ்பேனர் இல்லாமல் கையால்தான். இப்போது சைக்கிளின் பின்சக்கரமும் இந்தப் பழைய சக்கரமும் அக்கம்பக்கமாக நிற்கும். இரண்டும் இணையாக இருந்தால் ஹேங்கர் நேர்.

டயரோடு மாட்டிப் பார்த்தேன், முன்பல்லில் இடித்தது. டயரைக் கழற்றி ரிம்மை மட்டும் வைத்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் இடம் கிடைத்தது. பிறகு ரிம்முக்கும் ரிம்முக்கும் நடுவே நான்கு இடத்தில் அளந்தேன். மேலே 121 மில்லிமீட்டர், கீழே 102. முன்னால் 116, பின்னால் 108. ஸ்பேனரால் கண்பார்வையில் "நேராக்கிய" பிறகு இது.

ரிம் ஓரத்தில் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பதுதான் வழக்கமான கணக்கு. சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து அடிப்பக்கத்தை வெளியே இழுத்தேன். 31 சென்டிமீட்டர் நெம்புகோல் என்பது லேசான சமாச்சாரம் இல்லை. முதல் இழுப்பிலேயே மறுபக்கம் போய், மேலே 109, கீழே 115. மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பத் தள்ளினேன். இரும்பு கொஞ்சம் வளைந்து கொஞ்சம் திரும்பும். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நிற்கும் என்பது கைக்குப் பிடிபட ஏழெட்டு முறை ஆயிற்று. கடைசியில் மேல்-கீழ் வித்தியாசம் 3, முன்-பின் 2. இதற்கு மேல் ஆசைப்படவில்லை. வளைத்து வளைத்து விளையாடினால் இரும்பும் ஒரு நாள் முறியும்.

குட்டைக் கூண்டு டெரெய்லரை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கூண்டின் இரண்டு தகடும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று தாண்டி நின்றன. தூக்கிப் போட்டேன். இல்லை, பொய். கப்பி இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டுதான் போட்டேன்.

இந்த முறை கணக்குப் பார்த்து வாங்கினேன். முன்னால் வித்தியாசம் 50-34, அதாவது 16. பின்னால் 34-11, அதாவது 23. கூட்டினால் 39. ஷிமானோ 105இன் ஆர் 7000 வரிசையில் நீளக் கூண்டு டெரெய்லர் 34 பல் வரைக்கும் போகும், மொத்தக் கொள்ளளவு, அதாவது அது சமாளிக்கும் பல் வித்தியாசம், சரியாக 39. என் பழைய 11 கியர் லீவரோடும் ஒத்துப்போகும்.

பழைய செயினை எறிவதற்கு முன் நீட்டி அளந்தேன். 24 கண்ணி புதிதில் 304.8 மில்லிமீட்டர். என்னுடையது 306.5. அரை சதவீதம் தாண்டிவிட்டது. 11 கியர் செயினுக்கு அதுதான் மாற்றும் நேரம். புது கேசட்டில் தேய்ந்த செயினை இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறேன் என்பது இன்னொரு வெட்கக்கேடு.

புதுச் செயின் 116 கண்ணி. டெரெய்லரில் நுழைக்காமல் முன்னால் 50, பின்னால் 34 மேல் நேராகச் சுற்றி, சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டினேன். குவிக் லிங்கையும் ஒரு கண்ணியாக எண்ணினால் 112 வந்தது. வெட்டி எறிய வேண்டியது ஐந்து. வெட்டும் முன் மூன்று முறை எண்ணினேன், கண்ணியில் நூல் கட்டி அடையாளம் வைத்து இன்னொரு முறை. பழையது 110, புதியது 112. பிரவேயையும் டெரெய்லரையும் தின்றது இந்த இரண்டு கண்ணி.

கேபிள் வேலை சின்னது என்று நினைத்தேன், ஒரு சாயங்காலத்தை விழுங்கியது. பழைய டெரெய்லருக்குப் பின்னால் வளைந்து வரும் கடைசி அவுட்டர் (கேபிளின் மேலுறை) நீளமாக இருக்கும். புதியதில் கேபிள் வேறு கோணத்தில் நுழைகிறது. பழைய நீளத்தையே விட்டுவைத்ததால் அவுட்டர் வெளியே புடைத்துக்கொண்டு, கியர் ஏறும், இறங்காது. திருகியைத் திருகித் திருகிப் பார்த்தேன். நான்காவது கியர் சரியானால் ஏழாவது கெடும். கடைசியில் அவுட்டரை 24 சென்டிமீட்டருக்கு வெட்டினேன். வெட்டிய வாய் நசுங்கிப்போனதால் அரத்தில் தட்டையாக ராவி, உள்ளே ஊசி விட்டு வாயைத் திறந்தேன். அப்புறம் பத்து நிமிடத்தில் எல்லாக் கியரும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. மேல் கப்பிக்கும் 34 பல் சக்கரத்துக்கும் இடைவெளி பார்க்க 6 மில்லிமீட்டர் அல்லன் கீயையே அளவுகோலாக வைத்தேன். அது மட்டுமட்டாக நுழையும் இடத்தில் சத்தம் அடங்கியது.

கடைசியாக, முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. ஸ்டாண்டில் வைத்து முன்னால் 50, பின்னால் 34. கூண்டு முன்னால் நீண்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் மடங்கியே இருந்தது. பிறகு 34-11. செயின் தொங்கவில்லை, கூண்டில் தட்டவில்லை. இரண்டையும் இருபது முறை மாற்றினேன். வீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அதே 11 கிலோமீட்டர். முன்பு 66 நிமிடம், இப்போது 67. ஆமாம், ஒரு நிமிடம் கூடுதல். லேசான கியர் யாரையும் வேகமாக ஏற்றிவிடாது. ஆனால் ஆறு வளைவிலும் 56, 57 சுற்று. உட்கார்ந்தே ஏறினேன். மேலே போய் இறங்கியபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

குறையும் உண்டு. பழைய 11-28இல் 12, 14 பல்லெல்லாம் இருந்தன. இதில் 11, 13, 15, 17 என்று தாவுகிறது. சமதளத்தில் எதிர்க்காற்றில் ஒன்று கனம், அடுத்தது லேசு, நடுவில் எதுவும் இல்லை. மலையில் இருப்பவனுக்கு இது பெரிய இழப்பு இல்லை. சமவெளிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

செலவை இப்படிச் சொல்கிறேன்: செயின் ஒரு பங்கு என்றால் கேசட் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட, டெரெய்லரும் அவ்வளவே. கேபிளும் அவுட்டரும் சில்லறை. கருவியில் லாக்ரிங் சாக்கெட் மட்டும்தான் வாங்கியது. முதல் நாளே ஐந்து பங்கையும் போட்டு வாங்கியிருந்தால் முடிந்தது. மூன்று பங்கை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இத்தனையும்.

போன ஞாயிறு 300இல், 262ஆவது கிலோமீட்டர், இரவு ஒன்பது மணி சுமார். தலைவிளக்கு வெளிச்சத்தில் சாலையின் வெள்ளைக்கோட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரு சின்ன மேடு. கை தானாகத் தள்ளியது, டக், டக், டக். பெடல் கனமாகவே இருந்தது, கீழே கரகரவென்று ஒரு சத்தம். குனிந்து விளக்கைக் காட்டினேன். முன்னால் 50, பின்னால் 34. சொன்னேனே, போட மாட்டேன் என்று. டெரெய்லர் நீட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் 34க்கு இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

அடுத்து 400. அதில் கடைசி நூறு கிலோமீட்டரில்தான் செங்குத்து முழுக்க இருக்கிறது, பையும் கனக்கும். முன்னால் 46-30 கிராங்க் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 30-34 என்றால் ஒரு சுற்றுக்கு 1.88 மீட்டர். ஆனால் நான் பார்த்த கிராங்கில் பல்வரிசை ரோடு கிராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது, முன் டெரெய்லரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த முறை வாங்கும் முன்பே பெரியவரிடம் கேட்டேன். "முதல்ல செயினை எண்ணு" என்றார். எண்ணியாயிற்று. 112 கண்ணி போதும். வெட்டிய ஐந்தும், ஒரு உபரி குவிக் லிங்கும் சீட்டுக்கடியில் பையில் இருக்கின்றன.